கீல் போல்ட்: எப்போது இறுக்கலாம், எப்போது கை வைக்கக் கூடாது
(வாசகர் கேள்வி – பதில்)

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை: பாய்மரப் படகின் கீலைத் தாங்கும் போல்ட்டுகள். படகு வைத்திராத வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். 25 முதல் 40 அடி வரை நீளமுள்ள ஃபைபர்கிளாஸ் பாய்மரப் படகின் அடியில் ஈயத்தாலோ வார்ப்பிரும்பாலோ ஆன கனமான பகுதி தொங்கும். அதுதான் கீல். காற்று பாயைச் சாய்க்கும்போது படகு கவிழாமல் இழுத்து நிறுத்துவது அதுதான். படகின் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை அதிலேயே இருக்கும். அதைப் படகோடு பிணைப்பவை ஏழெட்டு போல்ட்டுகள். அவற்றின் நட்டுகள் படகுக்குள்ளே, பில்ஜ் என்று சொல்லப்படும் அடிக்குழியில் தெரியும்.

கேள்வி: எங்கள் படகு 30 அடி, எண்பதுகளில் கட்டியது, ஈயக் கீல். அக்டோபரில் கரையேற்றியபோது, கீல் உடலோடு சேரும் இடத்தில் முன் விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு பிளந்திருப்பதைப் பார்த்தோம். போல்ட்டுகளை நன்றாக முறுக்கிவிட்டால் மூடிவிடும் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், மிசிசாகா

பதில்: இப்போதே முறுக்க வேண்டாம். அந்தக் கோட்டுக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒன்றுக்கு முறுக்கவே தேவையில்லை. இன்னொன்றுக்கு முறுக்கினால் போதும். மூன்றாவதில் முறுக்கினால் சேதம் கூடும்.

முதலாவது, வெறும் பூச்சு வெடிப்பு. கீலும் உடலும் சேரும் இடத்தை எபாக்ஸி மக்கு வைத்து வழவழப்பாக்கியிருப்பார்கள். எபாக்ஸி வளைந்து கொடுக்காது, கீலோ ஒவ்வொரு பருவத்திலும் கொஞ்சமாவது அசையும். அதனால் மயிரிழை வெடிப்பு வரும். அந்த இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு மக்கைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே சீலன்ட் (இடுக்கை அடைக்கும் ரப்பர் போன்ற பசை) முழுதாக, இருபுறமும் ஒட்டியபடி, உலர்ந்து இருந்தால் பிரச்சினை பூச்சோடு முடிந்தது.

இரண்டாவது, சீலன்ட் விட்டுப்போய், போல்ட்டின் இறுக்கமும் குறைந்திருப்பது. கரையேற்றி ஒரு வாரம் ஆன பிறகும் அந்தக் கோட்டிலிருந்து நீர் கசிந்துகொண்டே இருந்தால் உள்ளே நீர் போய்வருகிறது என்று பொருள். கசியும் நீர் தெளிவாக இருந்தால் போல்ட்டை இறுக்கிச் சீலன்ட் வைத்தால் போதும். பழுப்பு நிறத்தில் இருந்தால் போல்ட்டே அரிக்கப்படுகிறது. அப்போது கீழே வரும் துருக் கறை பற்றிய பதிலைப் படியுங்கள்.

மூன்றாவதுதான் கவலைக்குரியது: போல்ட் நன்றாக இருக்கிறது, ஆனால் நட்டுக்கு அடியில் உள்ள தளம் நசுங்கிவிட்டது. அமெரிக்காவில் கட்டப்பட்ட கேட்டலினா 30 படகுகளில் இந்த முன்விளிம்புப் பிளவு அடிக்கடி வந்ததால் ‘கேட்டலினா ஸ்மைல்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. அந்த வகையின் பழைய படகுகளில் கீல் பொருந்தும் அடித்தளத்துக்குள் ப்ளைவுட் வைத்து மேலே ஃபைபர்கிளாஸ் பூசியிருந்தார்கள். பில்ஜில் தேங்கும் நீர் போல்ட் துளை வழியாக இறங்கி அந்த மரத்தை ஊற வைக்கும். ஊறிய மரம் நசுங்கும், நட்டின் இறுக்கம் போகும், முன்விளிம்பு திறந்துகொள்ளும். மறுபடி முறுக்கினால் மரம் இன்னும் நசுங்கும், கோடு ஒரு பருவத்துக்கு மூடியிருக்கும், பிறகு திரும்பவும் திறக்கும். ஒவ்வொரு வசந்தத்திலும் அரைச் சுற்று, முக்கால் சுற்று என்று நட்டு இறங்கிக்கொண்டே போகும் படகு உங்களுடையதானால், அதன் அடித்தளத்தில்தான் கோளாறு. வாஷரைச் சுற்றி ஃபைபர்கிளாஸ் குழிந்திருக்கிறதா, வட்டமாக நுண் வெடிப்பு ஓடுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் வாஷருக்குப் பக்கத்தில் 6 மி.மீ. துளை ஒன்று போட்டு, வரும் தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெள்ளையாக, உலர்ந்து வந்தால் நல்லது. கறுத்து ஈரமாக வந்தால் மரத்தை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தைக் கண்ணாடி இழையும் எபாக்ஸியும் வைத்துக் கெட்டியாக நிரப்பிய பிறகுதான் டார்க் ரெஞ்சை (முறுக்கின் அளவைக் காட்டும் ஸ்பேனரை) தொட வேண்டும். பார்த்த துளையை அன்றே எபாக்ஸி கொண்டு அடைத்துவிடுங்கள்.

உங்கள் ஊருக்கே உரிய இரண்டு காரணங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் ஊர்க் கரையில் உள்ள ஒன்டாரியோ ஏரி நன்னீர் என்பதால் அரிப்பு மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் பிளவுக்குள் நின்ற நீர் குளிர்காலத்தில் உறையும்போது ஒன்பது சதவீதம் விரியும். மெல்லிய கோட்டை ஆண்டுக்கு ஆண்டு அகலமாக்குவது இந்தப் பனிதான். இரண்டாவது, படகை நிறுத்தி வைக்கும் விதம். எடை முழுவதும் கீலின் அடியில் உள்ள கட்டைகளில் இறங்க வேண்டும். பக்கத்து முட்டுகள் படகு சாயாமல் பிடித்துக்கொள்வதற்கு மட்டும். முட்டுகளை அளவுக்கு மேல் திருகி ஏற்றினால் உடல் முட்டுகளில் நிற்கும், கீல் தொங்கும். ஐந்தாறு மாதம் அப்படி நின்றால் முன்விளிம்பு திறப்பதில் வியப்பில்லை. முதலில் கட்டையையும் முட்டையும் சரிபார்த்து, இரண்டு நாள் கழித்துக் கோட்டை மறுபடி அளந்து பாருங்கள்.

கேள்வி: பழைய படகு வாங்கினேன். கையேடு இல்லை. போல்ட்டுகளை எத்தனை நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்க வேண்டும்? இணையத்தில் ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள்.
– வாசகர், பெர்த்

பதில்: ஆளுக்கொரு எண் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டார்க் ரெஞ்ச் காட்டுவது நட்டைத் திருப்ப நீங்கள் செலவிடும் முறுக்குவிசையை. படகுக்கு வேண்டியது போல்ட்டுக்குள் உண்டாகும் இழுவிசை. இரண்டுக்கும் நடுவில் உராய்வு நிற்கிறது. நீங்கள் போடும் முறுக்கில் ஏறத்தாழ பாதி நட்டின் அடிப்பரப்பு உராய்விலும், இன்னொரு 40 சதவீதம் மரையின் உராய்விலும் போய்விடும். போல்ட்டை இழுக்கக் கிடைப்பது பத்தில் ஒரு பங்குதான். மரை துருப்பிடித்திருந்தால் அந்தப் பங்கும் குறையும். எண்ணெய் பூசியிருந்தால் கூடும். எனவே மரை உலர்ந்ததா, எண்ணெயிட்டதா என்று சொல்லாத எண்ணை நம்ப வேண்டாம்.

முதலில் படகைக் கட்டிய நிறுவனத்திடமோ வடிவமைத்தவரிடமோ கேளுங்கள். நிறுவனம் மூடிப்போயிருந்தாலும் அந்த வகைப் படகு வைத்திருப்பவர்களின் சங்கத்திடம் பழைய கையேட்டின் நகல் இருக்கும். அந்த எண்ணை மீற எந்த அட்டவணைக்கும் உரிமை இல்லை, ஏனென்றால் நட்டின் அடியில் உள்ள ஃபைபர்கிளாஸின் தடிமன் அவர்களுக்குத்தான் தெரியும்.

எதுவுமே கிடைக்காவிட்டால், 18-8 ரக ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகளுக்குப் பொதுவாக அச்சிடப்படும் உலர் மரை அளவுகளை மேல் வரம்பாக வைத்துக்கொள்ளலாம்: அரை அங்குலத்துக்கு 58 நியூட்டன் மீட்டர், 5/8 அங்குலத்துக்கு 126, முக்கால் அங்குலத்துக்கு 173, ஓர் அங்குலத்துக்கு 389. மரைகள் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசை பூசினால் இவற்றில் கால் பங்கைக் குறைத்துக்கொள்ளுங்கள். 126 வைக்க வேண்டிய இடத்தில் 95 போதும். வெண்கலமும், நிக்கலும் செம்பும் கலந்த மோனலும் வேறு உலோகங்கள், அவற்றுக்கு இந்த எண்கள் பொருந்தா.

இவ்வளவு இறுக்கம் எதற்கு என்று பலருக்குத் தோன்றும். கணக்குப் போட்டால் விளங்கும். கேட்டலினா 30-இன் கீல் சுமார் 1,900 கிலோ. 5/8 அங்குல போல்ட் ஒன்றை 126 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினால் அதனுள் ஏறத்தாழ 4 டன் இழுவிசை உண்டாகிறது. ஒரே போல்ட், கீலின் எடையைப் போல் இரண்டு மடங்கு! எடையைத் தாங்க மட்டும் என்றால் இது அதிகம்தான். ஆனால் படகு பக்கவாட்டில் முழுதாகச் சாய்ந்துவிட்டது என்று வையுங்கள். கீலின் எடை மையம் இணைப்பிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருக்கிறது, அதை எதிர்த்துப் பிடிக்கும் மேல் வரிசை போல்ட்டுகளுக்குக் கிடைக்கும் நெம்புதூரம் 20 செ.மீ. அளவுதான். ஆக 1,900 கிலோ, 5,700 கிலோவாக மாறுகிறது. அந்த வரிசையில் நான்கு போல்ட் என்றால் ஒவ்வொன்றுக்கும் 1,400 கிலோவுக்கு மேல். ஏற்கெனவே 4 டன்னுக்கு இறுக்கிய இணைப்பு அப்போதும் பிரியாது, போல்ட்டில் ஏறும் கூடுதல் சுமையும் சிறிதளவே. தளர்ந்த போல்ட்டோ ஒவ்வொரு அலைக்கும் முழுச் சுமையையும் வாங்கி வாங்கி விடும். உலோகம் களைத்து முறிவது இப்படித்தான்.

கேள்வி: சரியான முறையைப் படிப்படியாகச் சொல்லுங்கள். என்னென்ன கருவி வேண்டும்?
– வாசகர், சவுத்தாம்ப்டன்

பதில்: கருவிகளிலிருந்து தொடங்குவோம். அரை அங்குலச் சதுர முனையுள்ள டார்க் ரெஞ்ச் 200 நியூட்டன் மீட்டர் வரை போதும். அதற்கு மேல் முக்கால் அங்குல முனை தேவை. நட்டுக்கு மேலே போல்ட் நீட்டிக்கொண்டிருக்கும் என்பதால் ஆழமான சாக்கெட் வேண்டும். 5/8 அங்குல நட்டுக்கு 15/16 அங்குல சாக்கெட், முக்கால் அங்குலத்துக்கு 1 1/8, ஓர் அங்குலத்துக்கு 1 1/2. மில்லிமீட்டர் அளவில் எம்20-க்கு 30, எம்24-க்கு 36. கனரக நட்டாக இருந்தால் இவை சேராது. வாங்குமுன் காலிப்பரை வைத்து அளந்துவிடுங்கள். நேரான எக்ஸ்டென்ஷன் எவ்வளவு நீளமானாலும் அளவு மாறாது. பக்கவாட்டில் நீளும் காக்கைக்கால் ஸ்பேனரைக் கைப்பிடியின் நேர்கோட்டில் மாட்டினால் நெம்புதூரம் கூடி, காட்டுவதைவிட அதிக முறுக்கு விழும். கைப்பிடிக்குச் செங்குத்தாக மாட்டினால் மாறாது. அடித்து அடித்துத் திருகும் இம்பாக்ட் ரெஞ்ச் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. அது அளவு காட்டாது, ஸ்டெயின்லெஸ் மரையை நொடியில் ஒட்ட வைத்துவிடும்.

படகு கரையில், எடை முழுவதும் கீலில் இறங்கி நிற்கட்டும். பில்ஜைத் துடைத்து உலர்த்துங்கள். ஒவ்வொரு நட்டுக்கும் எண் கொடுத்து, நட்டு, வாஷர், தளம் மூன்றையும் கடக்கும்படி பெயின்ட்டில் ஒரு கோடு போடுங்கள். பிறகு எந்த நட்டு எவ்வளவு நகர்ந்தது என்பதை அந்தக் கோடு காட்டும்.

பலர் செய்வது, ரெஞ்சை 126-இல் வைத்து ஒவ்வொரு நட்டிலும் ‘கிளிக்’ சத்தம் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவது. பல ஆண்டுகளாக அசையாத நட்டு துருவிலும் அழுக்கிலும் பிடித்துக்கொண்டிருக்கும். அதை நகர்த்தவே 126 தேவைப்படலாம். கிளிக் கேட்கும், போல்ட்டுக்குள் இழுவிசையே இருக்காது. அதனால் ஒரு நேரத்தில் ஒரு நட்டை மட்டும், ஒன்றை மட்டுமே, முழுதாகக் கழற்றுங்கள். வாஷரை எடுங்கள். பித்தளைத் தூரிகையால் மரையைத் தேயுங்கள். போல்ட்டின் தண்டு வாஷருக்கு அடியில் இளைத்திருக்கிறதா, குழி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். துளையின் விளிம்பில் ஈரம் இருக்கிறதா என்று திசுத்தாளால் ஒற்றிப் பாருங்கள். வாஷர் வளைந்திருந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் பெரிதாக, தடிமனாக ஒன்று போடுங்கள். 20 மி.மீ. போல்ட்டுக்கு 5 மி.மீ. தடிமனும் 75 முதல் 80 மி.மீ. அகலமும் நல்ல அளவு. கடையில் கிடைக்கும் மெல்லிய வாஷர் கிண்ணமாக வளைந்து, சுமை முழுவதையும் ஒரே வளையத்தில் இறக்கி ஃபைபர்கிளாஸை வெட்டும்.

வாஷருக்கு அடியில் பாலியூரிதேன் சீலன்ட் கொஞ்சம் வைத்து உட்கார வைக்கவும். மரையிலும் நட்டின் அடிப்பரப்பிலும் ஆன்டி-சீஸ் பூசவும். ஸ்டெயின்லெஸ்ஸோடு ஸ்டெயின்லெஸ் உலர்ந்து உரசினால் மரைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு முன்னும் போகாது, பின்னும் வராது, நட்டை வெட்டித்தான் எடுக்க வேண்டும். முதலில் கையால் திருகுங்கள். கையால் ஓடாத நட்டுக்கு ரெஞ்ச் போடாதீர்கள்.

எல்லா நட்டும் இப்படிச் சுத்தமாகி மீண்டும் ஏறிய பிறகு, நடுவிலிருந்து தொடங்கி முன்னும் பின்னும், இடமும் வலமும் மாறி மாறிப் போங்கள். முதல் சுற்றில் இலக்கில் பாதி, இரண்டாம் சுற்றில் முக்கால், மூன்றாம் சுற்றில் முழு அளவு. ரெஞ்சை ஒரே சீராக, மெதுவாக இழுக்க வேண்டும். வெட்டி வெட்டி இழுத்தால் அளவு பொய் சொல்லும். மறுநாள் ஒரு சுற்று, ஒரு வாரம் கழித்து இன்னொரு சுற்று. ஃபைபர்கிளாஸ் சுமைக்குக் கீழே கொஞ்சம் அமுங்கும் என்பதால் இந்த இரண்டாம் பார்வையில் சிறிதளவு நகர்வது இயல்பே. மூன்றாம் முறையும் நகர்ந்தால் இயல்பல்ல.

நட்டு திரும்பிக்கொண்டே போகிறது, ஆனால் முறுக்கு ஏறவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். போல்ட் நீள்கிறது, அல்லது மரை கழல்கிறது, அல்லது தளம் நசுங்குகிறது, அல்லது ஈயத்துக்குள் போல்ட்டே சுழல்கிறது. கடைசியது நடந்தால் போல்ட்டின் முனையில் போட்ட கோடும் சேர்ந்து சுற்றும், உடனே தெரிந்துவிடும்.

கேள்வி: தண்ணீரில் மிதக்கும்போது இறுக்கினால்தான் சரி என்கிறார் பக்கத்துப் படகுக்காரர். கரையில்தான் என்கிறது பட்டறை. யார் சொல்வது சரி?

பதில்: கையேடு ஒன்றைச் சொன்னால் அதன்படி செய்யுங்கள். இல்லையென்றால் கரையில். உடலின் எடை இணைப்பை அழுத்தி மூடியிருக்கும், பிழிந்து வெளியேறும் சீலன்ட்டும் கண்ணுக்குத் தெரியும், ஏதாவது தவறினால் படகு மூழ்காது. நல்ல நிலையில் உள்ள போல்ட்டுகளில் இரண்டுக்கும் வித்தியாசம் சொற்பம். மேலே பார்த்த 4 டன் இழுவிசைக்கு முன்னால் ஒரு போல்ட்டின் பங்குக்கு வரும் கீல் எடை 250 கிலோ அளவுதான். இறக்கிய பிறகு மிதக்கும் நிலையில் ஒருமுறை சரிபார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் மிதக்கும் படகில் எந்த நட்டையும் கழற்றாதீர்கள்.

கேள்வி: நட்டுகள் பளபளவென்று இருக்கின்றன. ஆனால் ஒரு வாஷருக்கு அடியிலிருந்து பழுப்புக் கறை வழிகிறது. ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்குமா?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: பிடிக்கும், அதுவும் கண்ணில் படாத இடத்தில். ஸ்டெயின்லெஸ் எஃகைக் காப்பது அதன் மேல் தானாகப் படியும் குரோமியம் ஆக்ஸைடு படலம். அந்தப் படலம் கீறுபட்டால் மீண்டும் படிய ஆக்ஸிஜன் வேண்டும். பில்ஜில், காற்றுப் படும் நட்டுக்கு அது தாராளமாகக் கிடைக்கிறது. போல்ட் துளைக்குள் தேங்கிய உப்புநீரில் சில நாளில் ஆக்ஸிஜன் தீர்ந்துவிடும். குளோரைடு சேரும், நீர் அமிலமாகும், படலம் உடையும், உலோகம் உள்நோக்கிக் குழியும். மாலிப்டினம் கலந்த 316 ரகம் 304-ஐவிடத் தாக்குப்பிடிக்கும், ஆனால் தப்பாது. வெப்பமான கடல்நீர் இதை வேகப்படுத்தும். உங்கள் துறைமுகத்தில் இரண்டும் இருக்கின்றன.

அரிப்பு பெரும்பாலும் கீலும் உடலும் சேரும் தளத்தில்தான் நடக்கும். மேலே நட்டு புதிதுபோல இருக்கும், கீழே ஈயத்துக்குள் போல்ட் முழுதாக இருக்கும், இடையில் ஓரிரு சென்டிமீட்டர் மட்டும் இடுப்பு சிறுத்திருக்கும். 20 மி.மீ. போல்ட் அந்த இடத்தில் 14 மி.மீ. ஆனால் மீதி இருக்கும் பலம் பாதிக்கும் கீழே. அதில் முழு டார்க் போடுவது அதை முறிப்பதற்குச் சமம். ஆகவே கறை கண்ட போல்ட்டை முறுக்காதீர்கள், முதலில் பாருங்கள்.

பார்க்க இரண்டு வழி. போல்ட் முனையை அரத்தால் சமமாக்கி அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்துச் சோதிப்பது ஒன்று. போல்ட்டின் நீளம் தெரிந்தால், எதிரொலி அதற்கு முன்னாலேயே திரும்புகிறதா என்று பார்த்து வெடிப்பை அறியலாம். முறிந்த, பெரிதாக வெடித்த போல்ட்டை இது பிடித்துவிடும். மெதுவாக இளைத்துவரும் இடுப்பைத் தவறவிடவும் கூடும். எனவே ‘சரி’ என்று வந்த முடிவை அறுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஈயக் கீலில் போல்ட்டின் அடி கொக்கியாக வளைந்திருக்கும், எதிரொலி அந்த வளைவு வரைதான் போய்வரும்.

இரண்டாவது வழி கீலை இறக்கிப் பார்ப்பது. செலவு அதிகம், ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லை. படகைப் பாரந்தூக்கியின் பெல்ட்டில் தொங்கவிட்டு, கீல் சாயாதபடி சட்டத்தில் கட்டி, நட்டுகளை முனைவரை தளர்த்தி, சீலன்ட்டை மெல்லிய ரம்பத்தாலும் ஆப்பாலும் பிரித்து, படகை 10 முதல் 15 செ.மீ. மட்டும் உயர்த்தினால் போல்ட்டின் இடுப்பு கண்ணுக்குத் தெரியும். இதைப் பட்டறைதான் செய்ய வேண்டும். கீல் விடுபடும் நேரத்தில் இடுக்கில் கையோ தலையோ இருக்கவே கூடாது.

இளைத்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். வார்ப்பிரும்புக் கீலில் போல்ட் மரையில் திருகி ஏறியிருக்கும். இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று பூட்டி, கீலைச் சூடாக்கித் திருகி எடுத்து, புதியதைப் போடலாம். இரும்புக்குள் வெண்கல போல்ட் போடாதீர்கள். உப்புநீரில் இரும்பு வெண்கலத்துக்குப் பலியாகும். ஈயக் கீலில் பழைய போல்ட் வராது. பக்கத்திலேயே துளையிட்டுத் துணை போல்ட் போடுவார்கள். கீலின் பக்கவாட்டில் ஒரு சன்னல் வெட்டி, மேலிருந்து வரும் போல்ட்டுக்கு அங்கே தடித்த தகடும் நட்டும் வைத்து, சன்னலை மூடுவது நம்பகமான முறை. ஈயத்தில் துளையிடுவது பொறுமையான வேலை: மெதுவான வேகம், நிறைய எண்ணெய், ஒவ்வொரு 2 செ.மீ.க்கும் பிட்டை வெளியே எடுத்துச் சுருளை நீக்க வேண்டும். இல்லையேல் ஈயம் பிட்டைக் கவ்விக்கொள்ளும். ஈயத் தூள் உடலுக்குக் கேடு. முகமூடி, கையுறை இல்லாமல் தொடாதீர்கள், தூளைப் பெருக்காமல் ஈரத் துணியால் எடுங்கள். கனடா வாசகர்களுக்கு ஒரு தகவல்: ஒன்டாரியோவின் பர்லிங்டனில் உள்ள மார்ஸ் மெட்டல் நிறுவனம் ஈயக் கீல் வார்ப்பதையே தொழிலாகச் செய்கிறது.

கேள்வி: மணல் திட்டில் தரை தட்டியது. ஆறு நாட் வேகம் இருக்கும். அலை வந்து தானாக மிதந்துவிட்டது. போல்ட்டுகளை இறுக்கிவிட்டால் போதுமா?

பதில்: போதாது. ஆறு நாட் என்பது நொடிக்கு 3.1 மீட்டர். 4,600 கிலோ படகு 30 செ.மீ. தூரத்தில் நின்றிருந்தால் கீலின் அடியில் விழுந்த விசை சுமார் 7.5 டன். அந்த விசை கீலின் அடியைப் பின்னோக்கித் தள்ளும்போது, கீலின் மேல்முனையின் பின்பகுதி உடலுக்குள் குத்தி ஏறும், முன்பகுதி கீழே இழுக்கும். ஆகவே முன்னே பிளவையும் பின்னே உள்காயத்தையும் தேட வேண்டும். பின் காயத்தைத்தான் பலரும் பார்க்கத் தவறுகிறார்கள். தரைப் பலகையை எடுத்துவிட்டு, கீலின் பின்முனைக்கு மேலே உள்ள குறுக்குச் சட்டங்களில் வெடிப்பு, வெளுத்த கோடு, உடலிலிருந்து விட்ட ஒட்டு ஆகியவற்றைத் தேடுங்கள். பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால், ஒட்டு நன்றாக இருக்கும் இடம் கணீரென்று ஒலிக்கும், விட்டுப்போன இடம் மந்தமாக ஒலிக்கும்.

உள்சட்டம் முழுவதையும் தனி வார்ப்பாகச் செய்து உடலில் பசையால் ஒட்டிய படகுகளில் இது இன்னும் முக்கியம். 2014 மே மாதம் ‘சீக்கி ரஃபிக்கி’ என்ற பெனெட்டோ ஃபர்ஸ்ட் 40.7 படகு, ஆன்டிகுவாவிலிருந்து சவுத்தாம்ப்டன் திரும்பும் வழியில் அட்லாண்டிக்கின் நடுவே கீலை இழந்து கவிழ்ந்தது. படகில் இருந்த நால்வரும் இறந்தனர். பிரிட்டனின் கடல் விபத்து விசாரணை அமைப்பு 2015-இல் வெளியிட்ட அறிக்கை, முன்பு பலமுறை தரை தட்டியதும், அதன் பின் நடந்த பழுதுபார்ப்புகளும் சேர்ந்து கீல் இணையும் இடத்தைப் பலவீனமாக்கியிருக்கலாம் என்று முடிவு செய்தது. லேசான தட்டல்கூட வெளியில் தெரியாத சேதத்தை உண்டாக்கலாம் என்பதும் அந்த விசாரணை தந்த பாடம். அந்த நால்வரின் நினைவுக்காகவாவது, தரை தட்டிய படகைக் கரையேற்றிப் பார்க்காமல் மறுபடி கடலுக்குக் கொண்டு போகாதீர்கள்.

உங்களைப் பொறுத்தவரை: கரையேற்றும்போது படகு பெல்ட்டில் தொங்கும் அந்த ஐந்து நிமிடத்தை வீணாக்காதீர்கள். கீல் தொங்கும்போது கோடு திறக்கிறதா, கட்டையில் இறங்கும்போது மூடுகிறதா என்று பாருங்கள். ஒருவர் கீலின் அடியைப் பக்கவாட்டில் தள்ளட்டும், இன்னொருவர் இணைப்பில் விரல் வைத்திருக்கட்டும். அசைவு தெரிந்தால், படகுகளைப் பரிசோதிக்கும் தகுதிபெற்ற சர்வேயரை அழைத்த பிறகே அடுத்த வேலை.

கேள்வி: என் படகின் பில்ஜில் நட்டே காணோம். யாராவது மூடிவிட்டார்களா?

பதில்: சில படகுகளில் கீல், உடலின் அச்சிலேயே சேர்த்து வார்க்கப்பட்டு, உள்ளே ஈயமோ இரும்போ நிரப்பி மூடப்பட்டிருக்கும். அவற்றில் போல்ட் கிடையாது. வெளியே இணைப்புக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். கோடு இல்லை என்றால் இறுக்க எதுவும் இல்லை. கீலின் அடியில் ஃபைபர்கிளாஸ் உடைந்து நீர் புகாமல் பார்த்துக்கொண்டால் போதும். கோடு இருந்து நட்டு இல்லை என்றால் மேலே பூசி மறைத்திருக்கிறார்கள். அப்படியான படகை வாங்கப் போகிறீர்கள் என்றால் பூச்சைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: இறுக்கிய பிறகு வெளிக்கோட்டை எதைக் கொண்டு அடைப்பது? சிலிக்கோன் போதுமா?

பதில்: சிலிக்கோன் வேண்டாம். பிடிமானம் போதாது, அது பட்ட இடத்தில் பிறகு எந்தப் பூச்சும் ஒட்டாது. பாலியூரிதேன் வகை, 3எம் 5200 போன்றது, பொருத்தமானது. கோட்டை வி வடிவில் 6 முதல் 8 மி.மீ. ஆழத்துக்குத் திறந்து, நன்றாக உலரவிட்டு, அசிட்டோனால் துடைத்து, காற்றுக்குமிழ் இல்லாமல் நிரப்புங்கள். போல்ட்டை முதலில் இறுக்கிவிட்டு, அதன் பிறகுதான் இது. வரிசை மாறினால் கெட்டியான சீலன்ட் கோட்டைத் திறந்தபடியே பிடித்துக்கொள்ளும். மேற்பரப்பு காய இரண்டு நாள், முழுதாக இறுக ஒரு வாரம் விடுங்கள். குளிரில் இன்னும் தாமதமாகும். அதன் பிறகு பூச்சு, பிறகு தண்ணீர். இறக்கிய அன்றும் அடுத்த வாரமும் பில்ஜை உலர்ந்த துணியால் துடைத்து, ஒவ்வொரு வாஷரைச் சுற்றியும் டால்கம் பவுடர் தூவி வையுங்கள். எந்த வாஷரில் பவுடர் ஈரமாகிறதோ, அந்த போல்ட்டை அடுத்த கரையேற்றத்தில் முதலில் கழற்றிப் பாருங்கள்.